மௌனப் படத்தைத் தமிழாக்கும்போது: பட்லருக்கு "அவன்" என்பதா, "அவர்" என்பதா?

உப்புவெளியான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதமொரு சனிக்கிழமை மாலையில் நண்பர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டிப் பழைய படங்கள் பார்த்து வருகிறோம். அடுத்த முறைக்கு, 1919ஆம் ஆண்டு வெளிவந்த "மேல் அன்ட் ஃபீமேல்" என்ற ஹொலிவூட் மௌனப் படத்தைத் தெரிவு செய்திருக்கிறோம். சிசில் பி. டிமில் இயக்கிய படம்; குளோரியா சுவான்சனும் தோமஸ் மீகனும் நடித்தது. பார்க்க வருபவர்களில் ஆங்கிலம் வாசிக்காத மூத்தவர்களும் இருப்பதால், காட்சிகளுக்கிடையே வரும் எழுத்து அட்டைகளைத் தமிழில் எழுதித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். மௌனப் படம்தானே, சொற்கள் குறைவு, இரண்டு இரவில் முடித்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். மூன்று கிழமையாகியும் முடியவில்லை.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் லோம் பிரபுவின் மாளிகையில் கிரைட்டன் தலைமைப் பணியாளர், அதாவது பட்லர். பிரபுவின் மகள் மேரி, வாட்டிய பாண் பதமாக இல்லை என்பதற்காக வேலைக்காரர் அத்தனை பேரையும் கலங்க வைக்கும் சீமாட்டி. குடும்பம் உல்லாசப் படகொன்றில் கடற்பயணம் போகிறது. படகு உடைந்து, எசமானர்களும் பணியாட்களும் ஆளரவமற்ற ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள். அங்கே தீ மூட்டவும் குடிசை கட்டவும் உணவு தேடவும் தெரிந்தவர் கிரைட்டன் என்பதால் ஆட்சி அவர் கைக்கு மாறுகிறது. மேரிக்கு அவர்மீது காதலும் பிறக்கிறது. இருவருக்கும் திருமணம் நடக்கிற வேளையில் கடலில் ஒரு கப்பல் தென்படுகிறது. இங்கிலாந்துக்குத் திரும்பியதும் பழைய படிகள் பழைய இடத்திலேயே இருக்கின்றன. மேரி தன் குலத்துப் பிரபு ஒருவருக்கே உரியவளாகிறாள். கிரைட்டன், தம்மை நெடுநாளாக நேசித்த ட்வீனி என்ற வேலைக்காரப் பெண்ணோடு அமெரிக்காவுக்குப் போய்ப் பண்ணை வைக்கிறார்.

மேலே கிரைட்டனை நான் "அவர்" என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது திருத்திய பின் வந்த "அவர்". முதலில் எழுதிய இருபது அட்டைகளை மறுநாள் வாசித்துப் பார்த்தபோது, லோம் பிரபு எல்லா இடத்திலும் "எழுந்தார்", "சிரித்தார்" என்றும், கிரைட்டன் எல்லா இடத்திலும் "நின்றான்", "குனிந்தான்" என்றும் இருந்தன. ஆங்கில அட்டையில் இருவருக்கும் ஒரே சொல்தான். வேறுபாட்டை வைத்தது நான். வைக்கிறேன் என்ற நினைப்புக்கூட இல்லாமல் வைத்திருக்கிறேன். காதலுக்கு வர்க்கம் குறுக்கே நிற்கிற கதையைத் தமிழுக்குக் கொண்டுவருகிற ஆளே முதல் வரியில் வேலிக்குக் கம்பு நட்டுவிட்டான் என்றால் பிறகு படம் எதைச் சொல்ல?

அதைத் திருத்துவது எளிது. பேச்சு அட்டைகள்தான் சிக்கல். மேரி கிரைட்டனை "நீ" என்று அழைப்பதா? தீவில் எந்த நாளிலிருந்து "நீங்கள்" என்று மாற்றுவது? கிரைட்டன் மேரியிடம் காதலைச் சொல்லும்போது எதைச் சொல்வார்? ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் இதையெல்லாம் மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறது. இன்னொன்று: படத்தின் தொடக்கத்தில், தன் கார்ச் சாரதியைக் காதலிக்கும் தோழி ஒருத்திக்கு மேரி அறிவுரை சொல்கிறாள். வெவ்வேறு வகைப் பறவைகளை ஒரே கூட்டில் அடைப்பாயா, இனம் இனத்தோடுதான் சேரும் என்ற பொருளில் வரும் அட்டை அது. "வெவ்வேறு சாதிப் பறவைகள்" என்று எழுத என் கை போகிறது. எழுதலாமா?

உவர்மலை ஆசிரியர் பதிலளிக்கிறார்:

தம்பி, நல்ல சிக்கலில் மாட்டியிருக்கிறீர். படத்துக்கு முன்னால் நாடகத்தைப் பாரும். பாதி விடை அங்கே இருக்கிறது.

இந்தப் படம் ஜே. எம். பரி எழுதிய "த அட்மிரபிள் கிரைட்டன்" என்ற நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1902ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனில் டியூக் ஒஃப் யோர்க் அரங்கில் அது முதலில் மேடையேறியது. நாடகத்தின் தொடக்கத்தில் லோம் பிரபு மாதத்துக்கு ஒரு நாள் தன் வேலையாட்களை விருந்தினர் அறைக்கு அழைத்து, மகள்மார் கையால் தேநீர் கொடுத்துச் சமத்துவம் கொண்டாடுகிறார். அந்த நாளை அடியோடு வெறுப்பவர் யார் தெரியுமா? கிரைட்டன். மேல் கீழ் என்பது இயற்கை, அதைக் குலைப்பது ஒழுங்கீனம் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. தீவில் அவர் தலைவராவதும் அதே நம்பிக்கையால்தான். இயற்கை அங்கே வேறொருவரைத் தெரிவு செய்கிறது, அவ்வளவே. ஆகவே இதைச் சமத்துவக் கதை என்று எண்ணி இருவருக்கும் ஒரே விளிச்சொல்லைக் கொடுத்தீரானால் பரியின் குத்தலை மழுங்கடித்துவிடுவீர். இங்கிலாந்தில் மேரி "நீ", கிரைட்டன் "நீங்கள்". தீவில் மேரி "நீங்கள்", கிரைட்டன் "நீ". திரும்பி வந்ததும் மறுபடி பழையபடி. கண்ணாடியில் வலமும் இடமும் மாறுவது போல மாற வேண்டும்.

விளிச்சொல்லை நாடகம் எவ்வளவு முக்கியமாகக் கருதுகிறது என்பதற்கு மூன்றாம் அங்கத்தின் முடிவே சான்று. தீவில் எல்லாரும் கிரைட்டனை "கவ்" என்று அழைக்கிறார்கள். ஆளுநரைக் குறிக்கும் "கவர்னர்" என்பதன் செல்லக் குறுக்கம் அது. மேரிக்கு அங்கே பெயர் "பொலி". (நெடிலாக எழுதிவிடாதீர், "போலி" ஆகிவிடும்.) கப்பலின் வெடியோசை கேட்கிறது. கிரைட்டன் பேசாமல் இருந்திருந்தால் கப்பல் போயிருக்கும், ராச்சியமும் பெண்ணும் அவருக்கே. ஆனால் அடையாளத் தீயை மூட்டுபவர் அவரேதான். மீட்பவர்கள் வந்து சேர்ந்த பின், உம்மை ஒருபோதும் கைவிட மாட்டேன் என்று மேரி நெருங்கி வரும்போது, அவர் பணியாளுக்குரிய பழைய நிற்பு நின்று, "மை லேடி" என்று மட்டும் சொல்கிறார். திரை விழுகிறது. அந்த இரண்டு சொல்லில் காதல் முடிந்துவிடுகிறது. ஒருவரை எப்படி அழைப்பது என்பதையே உச்சக்கட்டமாக வைத்த நாடகம் இது. தமிழுக்கு வருவதில் அதற்கு இழப்பில்லை, ஆதாயமே.

ட்வீனி என்பதும் பெயரன்று. சமையற்காரிக்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஓடி வேலை செய்யும் கடைநிலைப் பெண்ணுக்கு ஆங்கில வீடுகளில் வழங்கிய சொல் அது. நாடகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் எலைசா. எவரும் அதை நினைவில் வைத்திருப்பதில்லை.

பறவை அட்டையைப் பொறுத்தவரை, "சாதி" என்றே எழுதும். மாட்டுச் சாதி, பறவைச் சாதி என்று நாம் சொல்வதில்லையா?

நிலாவெளிப் பேத்தி பதிலளிக்கிறார்:

ஆசிரியர் ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு.

என் அம்மம்மா இங்கே கடற்படைத் தளத்துப் பங்களா ஒன்றில், ஆங்கில அதிகாரி ஒருவரின் குடும்பத்துக்கு ஆயாவாக இருந்தவர். 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அந்த வேலை இருந்தது. அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்: துரைசாணிக்குத் தெரிந்த தமிழ் நாலே சொல். வா, போ, கொண்டு வா, கெதியாய். அந்த அம்மையாருடைய தமிழில் "நீங்கள்" என்ற சொல்லே இல்லை. கற்பித்தவர்கள் அதைக் கற்பிக்கவில்லை. கெட்டவர் என்று அம்மம்மா ஒருநாளும் சொன்னதில்லை, நத்தாருக்குப் புடைவை கொடுத்த கதையையும் சேர்த்தே சொல்வார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அம்மம்மா பேசிய விதத்தை. அவர் துரைசாணியை "நீங்கள்" என்று சொன்னதே கிடையாது. "துரைசாணிக்குத் தேத்தண்ணி ஊத்தவோ?", "துரைசாணி வெளியிலே போகப் போறாவோ?" என்றுதான் கேட்பாராம். முன்னால் நிற்கிற ஆளை, வேறெங்கோ இருக்கிற ஆளைப் போலப் பேசுவது. "நீங்கள்" என்பதும் ஒருவரை நேருக்கு நேர் தொடுகிற சொல். அந்தத் தொடுகைக்கும் வேலைக்காரிக்கு உரிமையில்லை. நம்மவர் வீடுகளிலும் குசினிப் பக்கத்து வாசலால் வந்துபோகிறவர்கள் அப்படித்தான் பேசினார்கள், பேசுகிறார்கள். எனவே இங்கிலாந்துக் காட்சிகளில் கிரைட்டனுடைய அட்டைகளில் முன்னிலைச் சொல்லே வரக்கூடாது. "சீமாட்டிக்குப் பாண் பிடிக்கவில்லையோ?" என்று வரட்டும். தீவில் அவர் முதன்முதலாக மேரியை ஏதாவதொரு முன்னிலைச் சொல்லால் அழைக்கும்போது, அது "நீ"யோ "நீங்கள்"ளோ, பார்ப்பவர்களுக்குச் சுரீர் என்று பட வேண்டும்.

இனி மேரியின் பக்கம். தீவில் மேரி கிரைட்டனை "நீங்கள்" என்று அழைக்கத் தொடங்கினால் வர்க்கம் தலைகீழானது விளங்கும் என்று ஐயா எண்ணுகிறார். ஆங்கிலேயருக்கு விளங்கும். நம் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிற மாமிமாருக்கு விளங்காது. காரணம், ஒரு பெண் தான் விரும்புகிற ஆணை "நீங்கள்" என்று சொல்வதும், "இஞ்சாருங்கோ" என்று பெயர் சொல்லாமல் கூப்பிடுவதும், அவர் உண்ட பின் உண்பதும் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பவை. பிரபுவின் மகள் பட்லருக்கு உணவு பரிமாறிக்கொண்டு பக்கத்தில் நிற்கும்போது அவர்கள் கண்ணில் தெரியப்போவது ஒரு நல்ல மனைவி. வேலைக்காரர் எசமானரிடம் பேசுகிற இலக்கணமும் மனைவி கணவரிடம் பேசுகிற இலக்கணமும் நம் மொழியில் ஒன்றாகவே கிடக்கின்றன. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் தமிழாக்கத்தில் அதைக் கணக்கில் எடுக்காமல் முடியாது.

தலைகீழானதைக் காட்ட வேண்டுமென்றால் லோம் பிரபுவின் அட்டைகளைப் பிடியுங்கள். நரைத்த தகப்பன், நேற்றுவரை "டேய்" என்று கூப்பிட்டிருக்கக்கூடிய ஆளை "நீங்கள் சொன்னால் சரி" என்று சொல்லும்போது நம் மாமிமார் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தத் திருமணம் மட்டும் நடந்து முடிந்திருந்தால், கிரைட்டன் பிரபுவை "மாமா" என்று அழைத்திருப்பார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ட்வீனியை எல்லாரும் ஒரு வரியில் கடந்து போகிறீர்கள். அவள் கிரைட்டனைவிடவும் கீழ்ப்படியில் நிற்பவள். பட்லருக்கு மேல் மாடியைப் பார்த்துக் காதல் வருகிறது; கீழே குசினியில் தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவளை அவர் பார்ப்பதில்லை. சீமாட்டி கிடைக்காதபோதுதான், அதுவும் மேரியைத் தன்னிடமிருந்து விடுவிப்பதற்காக, ட்வீனியை மணக்கப் போவதாக அறிவிக்கிறார். சாரதியை மணக்கிற அந்தத் தோழியை விட்டால், வர்க்கம் கடந்த காதல் இந்தப் படத்தில் உண்மையிலே ஒன்றுதான் நிறைவேறுகிறது. அது பட்லருக்கும் எடுபிடிப் பெண்ணுக்கும் நடுவிலானது. அவளிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று உப்புவெளித் தம்பி இன்னும் சொல்லவில்லையே.

மூதூர்க் கரை பதிலளிக்கிறார்:

கடலோரத்திலிருந்து ஓரிரண்டு சொல். "கவ்" என்பதை எப்படித் தமிழில் சொல்வது என்று யாரும் எழுதவில்லை. ஆளுநர், தேசாதிபதி எல்லாம் அரசாங்கக் கச்சேரி வாசனை அடிக்கிற சொற்கள். நம் கரையில் வலையும் தோணியும் வைத்து ஆட்களை நடத்துகிறவருக்குச் சம்மாட்டி என்ற சொல் இருக்கிறது. மீனவர் வாடிக்குள் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. ஆனால் அவரும் மற்றவர்களோடு ஒரே மணலில்தான் இருப்பார். தீவில் கிரைட்டனை எல்லாரும் "சம்மாட்டியார்" என்று அழைக்கட்டும். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை என்பதால், திரும்பிப் போனதும் அது தானாக உதிர்ந்துவிடும்.

தீவில் ஒதுங்கிய ஆங்கிலேயன் ராசாவாகும் கதை 1719இல் டெபோவின் "றொபின்சன் குரூசோ" வந்த காலத்திலிருந்தே அவர்களுக்குப் பிடித்தமானது. அந்தக் கதைக்கு உரம் போட்டவற்றுள் ஒன்றாக எங்கள் கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்ட ஆங்கில மாலுமி றொபர்ட் நொக்ஸின் நூலையும் சொல்வார்கள் என்பதால் மூதூர்க்காரனுக்கு இதில் கொஞ்சம் பங்குண்டு. பரி செய்த புதுமை, யார் ராசாவாகிறார் என்பதை மாற்றியதுதான். தீவுக் காட்சிகளை கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள சாந்தா குரூஸ் தீவில் எடுத்திருக்கிறார்கள். பாறையில் அலை அடிப்பதைப் பார்க்கும்போது, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், எங்கள் பக்கம் போலவே இருக்கும்.

நீங்கள் எல்லாரும் மறந்த இடம் ஒன்று இருக்கிறது. தீவில் கிரைட்டன் ஒரு கவிதையைச் சொல்ல, படம் திடீரென்று பாபிலோனுக்குப் போகிறது. டபிள்யூ. ஈ. ஹென்லியின் கவிதை அது: நான் பாபிலோனின் அரசனாக இருந்தேன், நீ ஒரு கிறிஸ்தவ அடிமையாக இருந்தாய் என்று வருவது. (பாபிலோன் பேரரசு கி.மு. 539இல் முடிந்துவிட்டது; அங்கே கிறிஸ்தவ அடிமை எங்கிருந்து வந்தாள் என்று கேட்கக்கூடாது.) அடிமைப் பெண்ணைச் சிங்கங்களுக்கு இடுகிற அந்தக் காட்சிக்காக, அப்போது இருபதே வயதான குளோரியா சுவான்சன் முகம் கவிழ்ந்து கிடக்க, உண்மையான சிங்கமொன்று அவர் முதுகில் கால் வைத்து நின்றது. கேபிரியல் மக்ஸ் வரைந்த ஓவியம் ஒன்றைப் பார்த்து டிமில் அமைத்த காட்சி அது. சிங்கத்தைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. பட்லர் காதலைச் சொல்ல வாய் திறந்ததும் அவர் வாயில் வருவது அரசனுடைய மொழி. சமமாக நின்று ஒரு பெண்ணிடம் பேசுகிற மொழி அவருக்குத் தெரியவில்லை. ஒன்றில் காலடியில் நிற்கத் தெரியும், இல்லாவிட்டால் சிங்காசனத்தில் இருக்கத் தெரியும். ஆகவே பாபிலோனில் "நீ" என்றே போடுங்கள், நாட்டுக்கூத்து அரசன் தோரணையிலேயே போடுங்கள்.

"நீ"க்கும் "நீங்கள்"ளுக்கும் நடுவே நிற்கிற "நீர்" என்ற சொல்லை ஒருவரும் எடுக்காதது வியப்பு. ஆசிரியர் ஐயாவே தம்பியை "நீர்" என்றுதான் எழுதியிருக்கிறார்.

உப்புவெளியான் எழுதுகிறார்:

உங்கள் எல்லாருக்கும் நன்றி. மூன்று இரவாக உட்கார்ந்து எல்லா அட்டைகளையும் புதிதாக எழுதினேன்.

பேத்தி அக்கா சொன்னபடி, இங்கிலாந்துக் காட்சிகளில் கிரைட்டனின் பேச்சிலிருந்து முன்னிலையை முழுவதும் எடுத்துவிட்டேன். வேலையாட் சிறுவன் திறப்புத் துவாரங்களால் எட்டிப் பார்த்து வீட்டார் ஒவ்வொருவரையும் நமக்கு அறிமுகம் செய்கிற தொடக்கக் காட்சிக்கு இந்த நடை நன்றாகப் பொருந்துகிறது. அந்த வீட்டில் வேலைக்காரர்கள் எசமானர்களைத் துவாரத்தால் பார்க்கலாம், அவர்களுடைய உடைகளையும் குளியல் தொட்டிகளையும் தொடலாம், அவர்களை மட்டும் சொல்லால் தொடக்கூடாது. மேரி குளிக்கிற புகழ்பெற்ற காட்சியைப் பார்க்கும்போது, பணிப்பெண்கள் சீலை பிடித்து நிற்கிற நிற்பில் அது அப்படியே தெரிகிறது.

தீவில் லோம் பிரபுவுக்கு "சம்மாட்டியார்" என்ற சொல்லை முதலில் கொடுத்திருக்கிறேன். பசி தாங்காமல் கிரைட்டனின் சட்டியை நோக்கி ஒவ்வொருவராக வருகிற இடத்துக்குப் பின், அவருடைய அட்டைகள் "நீங்கள்" என்று வருகின்றன. ஒத்திகையாக என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மேரியின் காதல் அட்டைகளுக்குச் சாதாரணமாகத் தலையாட்டியவர், பிரபுவின் அட்டைக்கு "ஐயோ பாவம் அந்த மனிசன்" என்றார். பாவம் பார்க்கப்பட வேண்டியவர் பிரபுதான் என்று அவருக்குத் தோன்றியது எனக்குச் சற்று வருத்தமாக இருந்தாலும், தலைகீழானது விளங்கிவிட்டது.

மேரிக்கும் கிரைட்டனுக்கும் தீவில் இருவர் வாயிலும் "நீர்" என்றே வைத்தேன். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அது பழைய வேதாகமத்தையும் அரச நாடகத்தையும் நினைவூட்டலாம். நமக்கு அது வகுப்பில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்களை அழைத்த சொல். ஆசிரியர் ஐயா கேட்ட கண்ணாடி மாற்றம் இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். படம் நாடகத்தைவிடக் காதலின் பக்கம் கூடுதலாகச் சாய்கிறது என்பது என் எண்ணம். தலைப்பையே ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரத்து வசனத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். "ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார்" என்பதில் பிரபுவும் இல்லை, பட்லரும் இல்லை. எங்கள் அட்டையில் படத்தின் பெயர் "ஆணும் பெண்ணுமாக" என்றே இருக்கும். மூதூர் அண்ணா காட்டிய பாபிலோன் "நீ", அந்த "நீர்"க்கு நடுவே ஒரு முள் போல நிற்கிறது, அப்படியே விட்டுவிட்டேன்.

பறவை அட்டையில் "சாதி" என்று எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். இலண்டனில் சாதி இல்லை, வர்க்கம்தான் என்று ஒருவர் சொல்லக்கூடும். ஆனால் அந்தத் தோழி சாரதியை மணந்த பின் அவளுக்கு நடப்பதைப் பாருங்கள். பழகிய வீடுகளின் கதவுகள் சாத்தப்படுகின்றன. அவளுடைய அந்த நிலைதான் கடைசியில் கிரைட்டனையும் மேரியையும் பிரிக்கிற பாடமாகவும் பயன்படுகிறது. நம் ஊரில் இதற்கு "ஊர் விலக்கு" என்று பெயர். அட்டையில் "சாதி" இருக்கட்டும். மேரியின் வாயில் அது பறவைகளைப் பற்றிய சொல். கேட்கிறவர்கள் காதில் எப்படி விழுகிறதோ அப்படி விழட்டும்.

பேத்தி அக்காவின் கேள்விக்கு விடை: முதல் வரைவில் கிரைட்டன் ட்வீனியை எல்லா இடத்திலும் "நீ" என்கிறார், ட்வீனி அவரை "நீங்கள்" என்கிறாள். அதை மாற்றத் தோன்றவில்லை. மாற்ற வேண்டுமா?

நிலாவெளிப் பேத்தி எழுதுகிறார்:

தம்பி, மாற்ற வேண்டாம். மாற்றினால் அவர் அவளை முன்பே கண்டுகொண்டார் என்ற பொய் வந்துவிடும். இங்கிலாந்தில் "நீ" இருக்கட்டும், தீவிலும் "நீ" இருக்கட்டும். மேரிக்கு "நீர்" கிடைத்த அதே மணலில் அவளுக்கு "நீ" கிடைத்தது என்பதை யாராவது ஒருவர் கவனித்தாலும் போதும்.

கடைசிப் பண்ணைக் காட்சிக்கு மட்டும் ஒரு யோசனை. அங்கே கிரைட்டன் பட்லர் இல்லை, அவள் ட்வீனியும் இல்லை. சமையற்காரிக்கும் பணிப்பெண்ணுக்கும் நடுவில் ஓடுகிற வேலை அந்தப் பண்ணையில் கிடையாது. நாடகத்தில் அவளுக்கு எலைசா என்று ஒரு பெயர் இருப்பதாக ஆசிரியர் ஐயா சொன்னாரல்லவா? எங்கள் முற்றத்தில் அட்டைகளை நீங்கள் உரக்க வாசிக்கப் போகிறீர்கள் என்றால், அந்தக் காட்சி வரும்போது "கிரைட்டனும் எலைசாவும்" என்று வாசியுங்கள். படத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று எவரும் எழுந்து கேட்கப் போவதில்லை.

சனிக்கிழமை நானும் மாமியும் வருகிறோம். கதிரை கொண்டு வருவோம். நுளம்புத் திரியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.